ஆடி மாசத்து பில்

கோவை
ஆகஸ்ட் 10

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதனால்தான் தாமதம். நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீ அனுப்பிய கடலைமிட்டாயை அவர் பார்வைக்குத் தப்ப வைப்பதுதான் இனிமேல் கஷ்டம்.

சரி, உன் பில்லுக்கு வருகிறேன். கல்யாண மண்டபப் பதிவுக்கான உன் மென்பொருளை ஓட்ட அமேசான் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில், தையில் 62,000 ரூபாய் பில் வந்தது, ஆடியில் 58,000-ஆகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஆடியில் கல்யாணமே கிடையாது. மண்டபத்து வாசலில் நாய் படுத்திருக்கும். ஆளே வராத மாதத்தில் 58,000 என்றால், உன் வாடிக்கையாளர்களால் வரும் செலவு ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிற பொருளுக்கு நீ கட்டுகிற வாடகை.

உன் தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். கொல்லையில் கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டாவும் இரண்டு ஜல்லிக்கரண்டியும் பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்தன. கடைக்காரர் நாள் கணக்குப் போட்டு வாங்கினார். அதில் யாரும் சமைக்கவில்லை என்று உன் அப்பா வாதாடியது எடுபடவில்லை. கிளவுடும் அதே கடைதான்.

உன் மென்பொருள் அமேசான் கிளவுடில் ஓடுவதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். சர்வரை ஸ்டாப் செய்தால் மணிக்கணக்கு நிற்கும், அதோடு ஒட்டிய டிஸ்க்குக்கு வாடகை நிற்காது. இணையத்தில் உன் சர்வரின் விலாசமான பொது ஐபி (ஐபிவி4) முகவரிக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட். பயன்படுத்தினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி, மாதம் மூன்றரை டாலருக்கு மேல் போய்விடும். சர்வரில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்புகளுக்குக் கெடு வைக்காவிட்டால் என்றைக்கும் அழியாது. நாலு வருடத்துக்கு முன்னால் யாரோ தவறான பாஸ்வேர்டு அடித்த செய்திக்கு நீ இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருப்பாய்.

எங்கள் ஆபீஸ் கதையையும் கேள். எந்தக் கிளவுட் என்று கேட்காதே, தப்பு எங்களுடையது. சர்வர்களை வெளியாட்கள் தொட முடியாதபடி தனி நெட்வொர்க்கில் வைத்திருந்தோம். அவை வெளியே போக ஒரே வழி நாட் கேட்வே. தினமும் ராத்திரி பேக்கப் எடுத்துச் சேமிப்பகத்துக்கு அனுப்புவோம். சேமிப்பகமும் கிளவுடின் அதே ரீஜனில், அதாவது அதே வட்டாரத்தில்தான் இருந்தது. இருந்தும் அந்த பேக்கப் முழுக்க நாட் வழியாகவே போயிருக்கிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக டோல்கேட் கட்டிய கதை. ஏழு மாதம் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அமேசானின் வர்ஜீனியா விலையில் நாட் கேட்வே சும்மா நின்றாலே மணிக்கு 4.5 சென்ட், மாதம் சுமார் 33 டாலர். அதற்கு மேல் கடந்து போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு 4.5 சென்ட். 10,000 ஜிபி போனால் 450 டாலர். மும்பையில் விலை இன்னும் அதிகம். அமேசானின் சேமிப்பகமான எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயிண்ட் என்று ஒரு நேர்வழி இருக்கிறது, அதற்குக் காசே கிடையாது. எந்தப் போக்குவரத்து எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் போதும். உன்னிடம் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

அமேசானின் செலவுக் கணக்குப் பக்கமான காஸ்ட் எக்ஸ்புளோரரைத் திறந்தால் முதலில் சர்வீஸ் வாரியாகத்தான் காட்டும். அதில் ‘இசி2 அதர்’ என்று ஒன்று வரும், இசி2 என்பது சர்வர் சேவை. எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் ‘இதர செலவு’ என்று எழுதி அப்பா சிகரெட்டை மறைப்பாரே, அந்த மாதிரி. நாட், டிஸ்க், டிஸ்க்கின் நகலான ஸ்னாப்ஷாட், டேட்டா போக்குவரத்து எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். ‘யூசேஜ் டைப்’ என்று மாற்றிப் பார், ஒவ்வொன்றும் பேரோடு வெளியே வரும். அப்புறம் டேக், அதாவது பெயர்ச் சீட்டு. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டித்தானே அனுப்புவோம்? எந்த சர்வர் யாருடையது, எதற்கு என்று எழுதி வை. இல்லையென்றால் அழிக்க எல்லோரும் பயப்படுவார்கள்.

டெஸ்ட் சர்வர் ராத்திரியும் ஞாயிறும் ஓடுகிறது என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். உன் பையன்கள் தினம் 12 மணி நேரம், ஐந்து நாள் வேலை செய்தாலும் 60 மணிதான். மீதி 108 மணிக்கு எதற்கு ஓட வேண்டும்? gp2 என்ற பழைய ரக டிஸ்க்குகளை gp3 என்ற புது ரகத்துக்கு மாற்றினால் ஒரு ஜிபிக்கு வாடகை 20 சதவீதம் குறையும். சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம்.

சேவிங்ஸ் பிளான் வாங்கச் சொல்லி உன்னை நச்சரிக்கிறார்கள் என்றாய். ஒரு வருடமோ மூன்று வருடமோ ஒப்புக்கொண்டால் 72 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, பொய்யில்லை. ஆனால் இப்போது வாங்காதே. கொல்லையில் கிடக்கிற அண்டாவுக்கும் சேர்த்து வருட வாடகை பேசினது போலாகிவிடும். முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடு. பட்ஜெட் அலாரம் வைத்துக்கொள், ஆனால் நீ தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் அது சத்தம்தான் போடும், எதையும் தானாக நிறுத்தாது. சத்தமும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொந்த சர்வர் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனி 2022-இல் அப்படித்தான் முடிவெடுத்தது. அந்த ஒரு வருடத்துக்கு அவர்கள் கிளவுடுக்குக் கொடுத்தது சுமார் 32 லட்சம் டாலர். அவர்களிடம் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், வருடம் முழுக்க ஒரே அளவு சுமை. உனக்குத் தையும் ஆவணியும் கூட்டம், ஆடியும் மார்கழியும் காலி. கூட்டத்துக்கு எடுத்து, காலியில் திருப்பித் தர வாடகைதான் வசதி. நீ திருப்பித் தராமல் இருந்தாய், அவ்வளவுதான். அதோடு உன் ஊரில் ராத்திரி கரண்ட் போனால் சர்வர் ரூமுக்கு ஓடப்போவது யார்? உன் முட்டியை வைத்துக்கொண்டு நீயா?

ஆடி மாதக் கணக்கை யூசேஜ் டைப் வாரியாக எடுத்து எனக்கு அனுப்பு. முதல் பத்து வரி போதும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு உன் பக்கம் வர வேண்டியிருக்கிறது, உட்கார்ந்து பார்த்துவிடலாம். முட்டிக்குத் தைலம் எது தடவுகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
ரவி