வேடியப்பன் கல்லுக்கு பெயிண்ட் வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊத்தங்கரை பக்கம் எங்க ஊரு. ஏரிக்கரையில வேடியப்பன் கோயில் இருக்கு, கோயில்னா கோபுரம் எல்லாம் கிடையாது, மூணு பக்கமும் பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, உள்ள ஒரு நடுகல், அதாவது செத்த வீரனுக்கு நட்ட கல்லு, அவ்ளோதான். அதுல செதுக்கியிருக்கிற வீரனுக்கு கையில வில்லு, கொண்டை ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், தொடையில ரெண்டு அம்பு தைச்சிருக்கும். சின்ன வயசுல பாட்டி கூட பொங்கல் வைக்கப் போறப்ப அந்த அம்பை விரலால தடவிப் பார்ப்பேன். தலைக்கு மேல வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து, கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து "தொறு"ங்கிற வார்த்தைய காட்டினார், தொறுன்னா மாட்டு மந்தை, மாடு மீட்கப் போய் செத்தவன்தான் நம்ம சாமி.

நாலு வருஷம் முன்னாடி திருவிழாவுக்கு சில்வர் எனாமல் அடிச்சாங்க. அம்பு காணோம், எழுத்தும் அடைஞ்சிருச்சு. அடியில சிமெண்ட்டும் பூசிட்டாங்க, மண்ணுல இருந்து ஏறுற ஈரம் வெளிய போக வழியில்லாம கல்லுக்குள்ளயே நிக்குது, சிமெண்ட் உப்பும் சேர்ந்துக்குது. போன மாசம் நகம் அளவுக்கு ஒரு பெயிண்ட் சில்லு உதிர்ந்துச்சு, திருப்பிப் பார்த்தா பின்னாடி கல்லோட தோலும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வயிறு எரிஞ்சுது.

இப்ப டைல்ஸ் போட்டு தரைய உசத்தப் போறாங்களாம், அப்படி உசத்துனா வீரனோட முழங்கால் வரைக்கும் புதைஞ்சிரும். வசூல் பண்றவங்க பக்தியிலதான் பண்றாங்க, அவங்கள குறை சொல்ல வரல. தொல்லியல் துறை ஆளு ஒருத்தர் முதல்ல வந்து பார்க்கட்டும், போட்டோவும், எழுத்து மேல தாள் ஒட்டி மை தடவி எடுக்கிற மைப்படியும் எடுத்து வெச்சுக்கட்டும், பெயிண்ட்ட உளி, கம்பி பிரஷ் வெச்சு சுரண்டாம தெரிஞ்ச ஆளுங்க மருந்து போட்டு எடுக்கட்டும், சிமெண்ட்டுக்கு பதிலா கடுக்காய் சேர்த்த சுண்ணாம்பு போதும், மழைத்தண்ணி நிக்காம ஒரு வாய்க்கா வெட்டணும், விளக்கும் கற்பூரமும் ரெண்டடி தள்ளி தனிக்கல்லுல ஏத்தலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மியூசியத்துல நடுகல் நிறைய வெச்சிருக்காங்க, நல்லதுதான், ஆனா எங்க கல்ல அங்க தூக்கிட்டுப் போகச் சொல்லல. தொல்காப்பியத்துல காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்துன்னு நடுகல்லுக்கு ஆறு துறை, அதாவது ஆறு கட்டம், சொல்லியிருக்கு, அந்தக் கடைசி வாழ்த்து எங்க ஊர்ல இன்னும் நடக்குது, பொங்கல் அங்கதான் பொங்கணும்.

ஆடிக்குள்ள வேலைய முடிக்கணும்னு பேசிக்கிறாங்க, அதனால இந்த லெட்டரை சீக்கிரமா போட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும், டைல்ஸ் லோடு இன்னும் வந்து இறங்கல.

இப்படிக்கு,
வாசகர், ஊத்தங்கரை வட்டம்