ஜேன் ஆஸ்டினைத் தொடர்ந்து எழுதுவது திருட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவருடைய நாவல்களைத் தழுவியும் தொடர்ந்தும் எழுதுவது 'சொந்தமாகக் கதை பண்ணத் தெரியாத பெண்கள் பொழுது போகாமல் செய்கிற திருட்டு' என்று அதில் ஒரு வரி. கட்டுரையாளர் எழுதிவிட்டார், சரி. நீங்களும் படித்துவிட்டுத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்?

ஆஸ்டின் காலமானது 1817-இல். அவர் நாவல்களுக்கு இன்று தனிச் சொந்தக்காரர் யாரும் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கதையை மேலே கொண்டுபோவதைத் தொடங்கி வைத்தவரும் அந்த அம்மாள்தான். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் முடிந்த பிறகு, கதாநாயகி எலிசபெத்தின் தங்கை கிட்டி, கதாநாயகன் டார்சியின் பெம்பர்லி மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள், இன்னொரு தங்கை மேரிக்கு வக்கீல் சித்தப்பாவின் குமாஸ்தாதான் வாய்த்தார் என்று வீட்டார் கேட்டால் சொல்வாராம். அண்ணன் மகன் 1870-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. ஆஸ்டின் முடிக்காமல் விட்டுப்போன 'சாண்டிட்டன்' நாவலைத் தொடர்ந்து எழுத உட்கார்ந்தவர் அதே அண்ணனின் மகள் அன்னா. இவர்களையும் திருடர்கள் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' வந்தது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் கர்னல் பிராண்டன் அதில் இலங்கைக்குப் போன அமைதிப் படையில் காலை இழந்த மேஜர் ஆனார். நல்ல மாற்றம். அதைத் தங்கள் இதழும் அன்று மனதாரப் பாராட்டியது. அந்தப் பக்கத்தை இன்னும் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆண் டைரக்டர் செய்தால் தழுவல், ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் திருட்டு. இது என்ன நியாயம் ஐயா?

நான் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள். எலிசபெத்தின் தோழி ஷார்லட் திருமணமாகிப் போன வீட்டை 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பார்த்திருப்பீர்கள். சாலையைப் பார்த்த நல்ல அறையை விட்டுவிட்டு, பின்பக்க அறையைத் தனக்கென்று வைத்துக்கொள்வாள். முன்பக்கம் உட்கார்ந்தால் கணவர் காலின்ஸ் அடிக்கடி வந்து உட்கார்ந்துவிடுவார் என்பதுதான் காரணம். ஆஸ்டின் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். என் மாணவி ஒருத்தி அந்தப் பின்னறையில் ஷார்லட்டுக்குக் கழியும் ஒரு பிற்பகலை முழுக் கதையாக எழுதிக்கொண்டு வந்தாள். கணவர் தோட்டத்தில் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவளுக்கு நிம்மதி. சத்தம் நின்றால் தையலைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவைப் பார்ப்பாள். நாவலை எழுத்தெண்ணிப் படிக்காமல் அப்படி ஒரு கதை எழுத முடியுமா? ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். 'சொந்தக் கதை அனுப்பவும்' என்று திரும்பி வந்தது. அந்தப் பெண் அப்புறம் எழுதவே இல்லை.

இத்தனைக்கும் அதே கட்டுரையில், டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு எலிசபெத் எதிரில் வருவது 'நாவலின் மறக்க முடியாத காட்சி' என்று இருக்கிறது. நாவலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. அது 1995-இல் வந்த பிபிசி தொடரில் சேர்த்தது. நாவலில் டார்சி குதிரை லாயப் பக்கத்துப் பாதையிலிருந்து திடீரென்று எதிர்ப்படுகிறான். இடையில் இருபது கஜ தூரம். இருவர் முகமும் சிவந்துவிடுகிறது. லாங்பர்னை விட்டு எப்போது கிளம்பினீர்கள் என்று பதற்றத்தில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். இந்த அழகை விட்டுவிட்டு டிவியில் பார்த்ததை நாவல் என்று எழுதுகிறவர், வரி வரியாகப் படித்துத் தொடர்ச்சி எழுதுகிற பெண்களைத் திருடிகள் என்கிறார். மனம் ஆறவில்லை.

ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டு ஆனபோதும் தாங்கள் போட்டது ஒரு சினிமாப் படம், அரைப் பக்கக் குறிப்பு. அதில் அவர் 'காதல் கதை எழுத்தாளர்'. பணம் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணத்தை விட்டால் வேறு வழி இல்லாத ஒரு சமூகத்தை அப்படிப் பிட்டுப் பிட்டு வைத்தவரை இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தில், இதழைப் பாராட்டிய வரிகள் மட்டும் அச்சில் வந்தன.

அந்தக் குளத்துக் காட்சிக்காவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரு வரி போதும். இந்தக் கடிதத்துக்கு முழுசாக இடம் இல்லையென்றால், என் மாணவியைப் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி.