பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு

ஆசிரியருக்கு,

உருளைக்கிழங்கு விலையேற்றம் பற்றிய தங்கள் செய்தி விலையோடு நின்றுவிட்டது. கிழங்கில் இயற்கையாகவே உள்ள சொலனின் போன்ற நஞ்சுகளின் அளவு ரகத்துக்கு ரகம், விளையும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்கப்படும் உச்ச அளவு. நஞ்சு மிகுந்ததால் அமெரிக்காவில் லெனாபே ரகம் 1970இல் விலக்கப்பட்டது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு பெரிதாகக் குறையாது; கிழங்கில் வெளிச்சம் பட்டால் கூடும்.

சந்தையில் வாங்கிய கிழங்கை எங்கள் வீட்டு முற்றத்து வெளிச்சத்தில் சில நாள் போட்டுவைத்தோம். கிழங்கின் முளைக்கண்களைச் சுற்றிப் பச்சை படர்ந்தது. தோலோடு வறுத்ததில் ஒரே கசப்பு, தொண்டை எரிச்சல். மிளகாய்க் காரம் என்றே முதலில் நினைத்தேன். செட்டிநாட்டுச் சமையலில் வேறென்ன நினைப்பது! கடைகளில் கிழங்கைச் சாக்கால் மூடி வைப்பதையும், மூட்டையில் ரகமும் விளைந்த ஊரும் எழுதுவதையும் கட்டாயமாக்கலாம்.

- ஒரு வாசகர், காரைக்குடி