எல்லையை எங்கே போடுவது?

பெல்ஃபாஸ்ட்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. நாங்கள் நலம், குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை.

"பிரிட்டன்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போவதென்று ஓட்டுப் போட்டார்கள், போக வேண்டியதுதானே, ஏன் அத்தனை வருஷம் இழுத்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். இந்த ஊரில் இருப்பவர்களைக் கேட்டால் முதலில் எல்லையைத்தான் சொல்வார்கள்.

2016 ஜூன் 23 அன்று நாடு முழுக்க 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள். பிரிட்டனோடு சேர்ந்த எங்கள் வட அயர்லாந்திலோ 55.8 சதவீதம் பேர் இருக்கவே வாக்களித்தார்கள். தெற்கே தனி நாடான அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்திலேயே இருக்கிறது. ஆக, பிரிட்டன் விலகினால் இந்தத் தீவின் குறுக்கே ஓடும் சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில் சரக்குச் சோதனை வந்தாக வேண்டும். அங்கே ஒரு காலத்தில் ராணுவச் சாவடிகள் இருந்தன. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்களுக்கும் நடந்த முப்பது வருஷ மோதலில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். அதை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் அந்தச் சாவடிகள் முழுசாகப் போயின. இன்று இங்கே டெரி நகரிலிருந்து எல்லைக்கு அப்பால் டோனிகாலுக்குக் காரில் போனால், வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வருவதைப் பார்த்துத்தான் நாடு மாறியதே தெரியும்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. வாக்கெடுப்புக்கு முன்னால், முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் டெரிக்கே வந்து இதைச் சொல்லி எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே பேச்செல்லாம் குடியேற்றமும் ஒன்றியத்துக்குக் கட்டும் பணமும்தான்.

பிரதமர் தெரசா மே 2017 தேர்தலில் பெரும்பான்மையை இழந்து, இங்குள்ள ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் (யூனியனிஸ்ட் என்றால் பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்பவர்கள்) 10 எம்.பி.க்களை நம்பி ஆட்சி நடத்தினார். எல்லைக்கு வேறு வழி கிடைக்கும்வரை நாடு முழுவதையும் ஒன்றியத்தின் சுங்க ஏற்பாட்டுக்குள் வைத்திருக்கப் பார்த்தார். அந்தப் பத்துப் பேரும் எதிர்த்தார்கள், சொந்தக் கட்சிக்காரர்களும் எதிர்த்தார்கள். 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி. அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் சோதனையைக் கடலுக்கு மாற்றினார்: ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் எங்கள் துறைமுகங்களுக்கு வரும் சரக்குக்குச் சோதனை. யூனியனிஸ்டுகளுக்கு இது தங்கள் வீட்டு நடுவில் சுவர் எழுப்பியது போல. அவர்கள் வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 2022இல் இதை எதிர்த்து ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி வட அயர்லாந்து அரசை விட்டு வெளியேறியதும் இரண்டு வருஷம் இங்கே ஆட்சியே முடங்கியது. சம்பளம் உயராமல், 2024 ஜனவரியில் நர்சுகளும் ஆசிரியர்களும் பஸ் ஓட்டுநர்களும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லை கேட்டு ஓட்டுப் போடாதவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

பிரிட்டனும் ஒன்றியமும் சோதனைகளைத் தளர்த்தி 2023இல் வின்ட்சரில் புது உடன்பாடு செய்தார்கள். 2024 டிசம்பரில் எங்கள் சட்டமன்றம் 48க்கு 36 என்று இந்த ஏற்பாட்டை நீட்டித்தது. ஒரு யூனியனிஸ்ட்கூட ஆதரிக்கவில்லை. இரு தரப்பும் ஆதரித்திருந்தால் எட்டு வருஷம் கழித்துத்தான் அடுத்த ஓட்டு, இப்போது நான்கே வருஷத்தில் மறுபடி ஓட்டு.

சரி, நீ இங்கே வருவதாகச் சொன்னது என்ன ஆயிற்று? அயர்லாந்துக் குடியரசின் டப்ளினில் இறங்கி பஸ்ஸில் வருவதானால் விசாவை முதலிலேயே விசாரித்துக்கொள். வழியில் யாரும் நிறுத்தாவிட்டாலும் அவை இரண்டு நாடுகள்.

அன்புடன்,
ரவி