ஏலியாஸா, ஃபங்ஷனா, ஸ்கிரிப்டா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் எழுத இன்றுதான் கை ஒழிந்தது. பழைய லேப்டாப் ஒருவழியாகக் கண்ணை மூடிவிட்டது. புதியதற்கு மாறும்போது என் பேஷ்ஆர்சி ஃபைலைத் (டெர்மினலில் தட்டும் கமாண்டுகளை ஓட்டும் பேஷ் என்ற ஷெல், தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) திறந்தால் 400 வரிக்கு மேல் இருக்கிறது, அதில் பாதி எதற்காக எழுதினேன் என்றே நினைவில்லை. அதனால், அடிக்கடி செய்யும் வேலையை எப்போது ஏலியாஸாக (கமாண்டுக்கு வைக்கும் சுருக்கப்பெயர்), எப்போது ஃபங்ஷனாக (ஷெல்லுக்குள்ளேயே ஒரு பெயரில் சேர்த்து வைத்த கமாண்டுகள்), எப்போது ஸ்கிரிப்டாக (தனி ஃபைலில் எழுதிய கமாண்டுகள்) எழுதுவது என்று நீ கேட்டது எனக்கும் அப்போது தேவைப்பட்ட கேள்விதான்.

ஒரு வரி என்றால் ஏலியாஸ், நாலு வரி என்றால் ஃபங்ஷன், அதற்கும் மேலே போனால் ஸ்கிரிப்ட் என்று நீளத்தை வைத்துப் பிரிக்கிறாய். நானும் அப்படித்தான் இருந்தேன். புது டைரக்டரி உருவாக்கி உடனே அதற்குள் போக இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், ஓட்டினேன், டைரக்டரி வந்தது, நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்! ஸ்கிரிப்ட் தனி ப்ராசஸாக ஓடுகிறது இல்லையா, அங்கே போட்ட சிடி (டைரக்டரி மாற்றும் கமாண்ட்) அது முடிந்ததும் அதோடு போய்விடுகிறது. பேஷ் ஏலியாஸும் உதவாது, நாம் கொடுக்கும் டைரக்டரி பெயர் வரியின் கடைசியில்தான் போய் ஒட்டுமே தவிர நடுவில் செருக முடியாது (பழைய சி ஷெல்லில் அதற்கு வழி இருந்தது). ஆக, உட்கார்ந்திருக்கும் ஷெல்லிலேயே எதையாவது மாற்ற வேண்டும் என்றால் ஃபங்ஷன்தான். ஆனால் அதற்குள் பழக்கதோஷத்தில் எக்ஸிட் என்று எழுதிவிடாதே, டெர்மினலே மூடிக்கொள்ளும். ரிட்டர்ன் போடு, அது ஃபங்ஷனை மட்டும் முடிக்கும்; வேரியபிளுக்கு முன்னால் லோக்கல் போடு, அதன் மதிப்பு வெளியே ஷெல்லில் தங்காது.

நான் தட்டாமல் வேறு யாராவது கூப்பிட வேண்டிய வேலை என்றால் யோசிக்காமல் ஸ்கிரிப்ட். கிரானுக்கும் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது) சூடோவுக்கும் (அட்மின் உரிமையில் ஓட்டுவது) என் பேஷ்ஆர்சியில் இருக்கும் ஃபங்ஷன் எதுவும் தெரியாது. பாத்தில் (ஷெல் கமாண்டுகளைத் தேடும் டைரக்டரிகள்) ஒரு ஃபைலாகப் போட்டுவிட்டால் எல்லோரும் கூப்பிடலாம், நாளைக்கு பைத்தானில் திருப்பி எழுதினாலும் கேட்பாரில்லை.

ஏலியாஸ்? பெரும்பாலும் ஃபங்ஷனே மேல் என்று பேஷ் மேனுவலே சொல்கிறது. எனக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன, எல்லாம் தட்டச்சு மிச்சப்படுத்த. இருக்கிற கமாண்டின் பெயரிலேயே மட்டும் வைப்பதில்லை. ஆர்எம் (ஃபைலை அழிக்கும் கமாண்ட்) என்று தட்டினால் கேட்டுக்கேட்டு அழிக்கும்படி வைத்திருந்தேன், வருஷக்கணக்கில் அதற்கே பழகிவிட்டது. ஒருநாள் வேறொரு சர்வரில் ஆர்எம்மோடு ஒரு ஸ்டாரைப் (எல்லா ஃபைலும் என்று பொருள்) போட்டு என்டர் தட்டிவிட்டு, கேட்கும் என்று காத்திருக்கிறேன். கேட்கவே இல்லை. இன்று அந்த ஏலியாஸுக்கு வேறு பெயர்.

அப்புறம் உன் பேக்கப் ஏலியாஸ். எங்கே நின்று ஓட்டினாலும் ஹோம் டைரக்டரியையே எடுக்கிறது என்றாயே, நீ அதை டபுள் கோட்டுக்குள் எழுதியிருப்பாய். உள்ளே இருக்கும், நிற்கும் டைரக்டரியைக் குறிக்கும் வேரியபிளுக்கு லாகின் ஆகும்போதே மதிப்பு நிரம்பிவிடுகிறது, அந்த நேரத்தில் நீ இருப்பது ஹோமில். சிங்கிள் கோட்டுக்கு மாற்றிப் பார், அப்போது ஓட்டும்போதுதான் மதிப்பு நிரம்பும்; சரியாகாவிட்டால் அந்த வரியை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்