அம்புக்குறியை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பிரிட்டிஷ் பட்டாள ரிவால்வர்கள் குறித்து சென்ற இதழில் வந்த கட்டுரை, உலோகத்தில் அம்புக்குறி முத்திரை இருந்தாலே அது போரில் பயன்பட்டது என்று முடித்துவிட்டது. மூன்று கோடு கொண்ட அந்த அம்பு சொல்வதெல்லாம் 'அரசுச் சொத்து' என்பதை மட்டும்தான். கிடங்கை விட்டு வெளியே வராத துப்பாக்கியிலும் அது இருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் சொந்தக் காசில் ரிவால்வர் வாங்கினார்கள். அவற்றில் அம்பு இல்லாததைக் குறையாகச் சொல்ல முடியாது.

அம்பைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். கீழே ஆங்கில 'ஐ' இருந்தால் இந்திய அரசு, 'சி'க்குள் இருந்தால் கனடா, 'யு'வுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா, இரண்டு 'டி'க்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் ராணுவம் விற்றுவிட்டது என்று பொருள். தேய்ந்துபோனால் இது நட்சத்திரம் போலத் தெரியும், ஏமாறுபவர்கள் அதிகம்.

முத்திரை படிக்கும் முன் துப்பாக்கியை மடித்துத் திறந்து, ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு முத்திரையைத் துடைக்க மெல்லிய எண்ணெய், மென்துணி, மரக் குச்சி போதும். உப்புத்தாளோ கம்பி பிரஷோ பட்டால் எழுத்தின் விளிம்பு போய்விடும், மதிப்பும் கூடவே போகும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும்.

வெப்லி மார்க் 6 என்ற ரிவால்வர் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது 1915-ல். அதில் அடித்துள்ள ஆண்டு 1921 முதல் 1926-க்குள் இருந்தால், பிரிட்டிஷ் அரசின் என்ஃபீல்டு ஆயுத ஆலையின் பெயரைத் தேடுங்கள். அந்த ஆண்டுகளில் அங்கும் அதே மாடலைச் செய்தார்கள். 1938-ல் வந்த என்ஃபீல்டு 2-ஆம் எண் மார்க் 1 ஸ்டாரில் சுத்தியலுக்கு, கட்டைவிரலால் இழுக்கும் வாலே கிடையாது. உடைந்துவிட்டது என்று நினைத்து விலையைக் குறைக்க வேண்டாம். உடற்சட்டம் (ஃபிரேம்), குழல், சிலிண்டர் மூன்றிலும் வரிசை எண் ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். சிலிண்டர் எண் மட்டும் வேறு என்றால் அது பிற்பாடு மாற்றிய உருப்படி.

பித்தலாட்டத்தைக் கண்டுபிடிக்க முத்திரையின் பள்ளத்தைப் பாருங்கள். ஆலையில் அடித்தது கருநீலப் பூச்சுக்கு முன்பே அடித்ததால் பூச்சு உள்ளே இறங்கியிருக்கும். பின்னால் அடித்தால் உள்ளே வெள்ளை உலோகமும் விளிம்பில் பிசிறும் தெரியும். அதை வைத்து மட்டும் போலி என்று தீர்மானித்துவிடக் கூடாது. விற்பனை முத்திரையும், விற்ற பிறகு பர்மிங்காம் சோதனைக் கூடம் அடித்த குறிகளும், பூச்சுக்கு மேல்தான் விழும். அந்தக் குறிகளில் '.38 .767 3½ டன்' என்று இருந்தால் முதலாவது குண்டளவு, அடுத்தது தோட்டா உறையின் நீளம், இரண்டும் அங்குலத்தில். டன் என்பது சதுர அங்குலத்துக்கான அழுத்தம். எடை அல்ல.

'டிபி' என்று அடித்திருந்தால் அது கவாத்துக்கு ஒதுக்கியது. அதில் தோட்டா போட்டுப் பார்க்கவே கூடாது.

இப்படிக்கு,
பழைய ஆயுதங்கள் சேகரிக்கும் வாசகர்