கொடுத்ததும் பிடுங்கியதும்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபி செய்ய வரும் அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு நட. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? நாலு நாள் செய்துவிட்டு, "எனக்குச் சரியாயிட்டு" என்று நீயே முடிவு பண்ணிவிடுவாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்குத் தமிழில் திட்டினால் நன்றாகப் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது.

நவம்பரில் தேர்தல் வேலைக்குப் போனேன் என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாய்: "அமெரிக்காவில் எல்லாருக்கும் ஓட்டு எந்த வருஷம்டி வந்தது?" பிரிசைடிங் ஆபீசராகக் காட்டுக்கும் மேட்டுக்கும் பெட்டி தூக்கிப் போன டீச்சரம்மா கேட்கிறாளே, ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அப்படி ஒரு வருஷமே கிடையாது.

நம் ஊரில் கணக்கு சுலபம். அரசியல் சட்டம் வந்தது, 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்றது, 1951-52-இல் என் பாட்டி கைநாட்டுக்காரி போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். இங்கே 1787-இல் எழுதிய அரசியல் சட்டம், யாருக்கு ஓட்டு என்பதை அந்தந்த மாநிலத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் சொத்துள்ள ஆணுக்கு மட்டும் என்றன, சில மாநிலங்கள் அவன் வெள்ளைக்காரனாகவும் இருக்க வேண்டும் என்றன. அதற்குப் பிறகு 1870-இல் கறுப்பர், 1920-இல் பெண்கள், 1971-இல் 18 வயதுக்காரர்கள் என்று படிப்படியாக மேலே ஏறியதாகத்தான் பள்ளிக்கூடத்தில் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருஷமெல்லாம் சரி. ஆனால் இடையிடையே கொடுத்ததைப் பிடுங்கிய கதை அதில் இல்லை.

நான் இருக்கும் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள். 1776-இல் இந்த மாநிலம் எழுதிய சட்டத்தில், ஐம்பது பவுண்டு சொத்துள்ள, வயதுவந்த குடியிருப்போர் எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்று இருந்தது. ஆண் என்றும் இல்லை, வெள்ளை என்றும் இல்லை. அதனால் கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் சுதந்திரமாக இருந்த கறுப்பர்களும் ஓட்டுப் போட்டார்கள். கல்யாணமானவளுக்கு மட்டும் வழியில்லை, அவள் சொத்து புருஷன் சொத்தாகிவிடுமே! 1807-இல் எசெக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி), கோர்ட் கட்டடம் நூவர்க்கிலா எலிசபெத் டவுனிலா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு ஊரும் வெட்கமில்லாமல் கள்ள ஓட்டுப் போட்டன. ஆம்பிளைகள் பாவாடை கட்டிக்கொண்டு இரண்டாம் தடவை வந்து போட்டார்கள் என்றுகூடப் பேச்சு. அதே வருஷம் சட்டசபை கூடி, கள்ள ஓட்டைத் தடுக்கிறோம் என்ற பெயரில், வெள்ளைக்கார ஆணுக்கு மட்டும்தான் ஓட்டு என்று மாற்றிவிட்டது. வேஷம் கட்டியது ஆண், ஓட்டுப் போனது பெண்ணுக்கு! அது திரும்பி வர 113 வருஷம் ஆயிற்று.

இதே கதைதான் மற்ற இடங்களிலும். ஏழை வெள்ளைக்காரனுக்குச் சொத்து நிபந்தனை தளர்ந்துகொண்டே வந்த அதே காலத்தில் கறுப்பனுக்கு இறுகியது. 1821-இல் நியூயார்க் வெள்ளையருக்குச் சொத்து நிபந்தனையை எடுத்தது, கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. பென்சில்வேனியா 1838-இல் சட்டத்தில் 'வெள்ளை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது, அத்தனை கறுப்பர் ஓட்டும் போயிற்று.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870 மார்ச் 30-இல், கறுப்பருக்கு ஓட்டுக் கொடுத்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய பெர்த் அம்பாய் ஊரில் தாமஸ் மண்டி பீட்டர்சன் என்பவர் ஓட்டுப் போட்டார். அந்தத் திருத்தத்தின்படி ஓட்டுப் போட்ட முதல் கறுப்பர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் காவல், துப்புரவு வேலை பார்த்தவர். அன்றைய வாக்கெடுப்பும் ஊர் நிர்வாகச் சட்டத்தைப் பற்றியதுதான், பெரிய பதவிக்கு ஒன்றுமில்லை. ஊர்க்காரர்கள் பின்னால் பணம் திரட்டி அவருக்குப் பதக்கம் போட்டார்கள்.

அந்தத் திருத்தத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனி. 'எல்லோருக்கும் ஓட்டு உண்டு' என்று அது சொல்லவில்லை. இனத்தையோ நிறத்தையோ முன்பு அடிமையாக இருந்ததையோ காரணம் காட்டி மறுக்காதே என்றுதான் சொல்கிறது. அப்படியானால் வேறு காரணம் காட்டலாம் இல்லையா? தெற்கு மாநிலங்கள் காட்டின. 1890-இல் மிசிசிப்பி கொண்டுவந்த சட்டத்தைப் படித்தால் கறுப்பர் என்ற பேச்சே கிடையாது. ஓட்டுப் போட வருஷத்துக்கு இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும், அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் விளக்கவோ தெரிய வேண்டும். எந்தப் பிரிவைக் கேட்பது, பதில் சரியா தப்பா என்பதெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பதிவாளரின் விருப்பம். லூசியானாவில் 1867-க்கு முன்னால் உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போட்டிருந்தால் உனக்குப் பரீட்சை கிடையாது என்று இன்னொரு விதி. அடிமையின் பேரன் எங்கே போவான்? அங்கே 1896-இல் 130,334 கறுப்பர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1904-இல் 1,342 பேர்.

ஃபேனி லூ ஹேமர் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்தவள். 44 வயது வரைக்கும் கறுப்பர்களும் ஓட்டுக்குப் பதிவு செய்யலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. 1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில் ஊரிலிருந்து அவளும் சேர்த்து 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் பதிவு செய்யப் போனார்கள். மாநிலச் சட்டத்தில் 'டி ஃபாக்டோ' சட்டங்களைப் பற்றிய பிரிவை எழுதி விளக்கச் சொன்னார்கள். குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு அதைப் பற்றித் தெரியும் என்று பின்னாளில் சொன்னாள். பரீட்சையில் தோல்வி. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி அபராதம் போட்டது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் மஞ்சள் நிறம் ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கிறதாம்! வீட்டுக்கு வந்தால் தோட்ட முதலாளி, பதிவு மனுவைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ என்றான். அன்றிரவே வெளியேறினாள். விடாமல் மறுபடி எழுதி 1963 ஜனவரியில் தேறினாள். சரி, ஓட்டுப் போடலாம் என்று போனால், தலைவரி கட்டிய இரண்டு வருஷ ரசீது எங்கே என்று கேட்டார்கள்.

1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாடு எங்கள் நியூ ஜெர்சியில், அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. அங்கே உட்கார்ந்து இதையெல்லாம் டிவி காமிரா முன்னால் சொன்னாள். அவள் பேச்சை மறைக்க ஜனாதிபதி ஜான்சன் அவசர அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார். டிவிக்காரர்கள் ராத்திரி அவள் பேச்சை மறுபடி போட்டார்கள். அதே ஜான்சன்தான் மறு வருஷம், அலபாமா மாநிலத்துச் செல்மா ஊர்ப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே பார்த்த பிறகு, வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டம் பரீட்சையை நிறுத்தியது, தேவையான இடங்களுக்கு மத்திய அரசின் ஆட்களையே பதிவு செய்ய அனுப்பியது. மிசிசிப்பியில் பதிவு செய்த கறுப்பர் நூற்றுக்கு 7-கூட இல்லாமல் இருந்தது இரண்டே வருஷத்தில் 60-ஐத் தொட்டது. எத்தனையோ தியாகம் இருக்கலாம், ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் மாறியதுதான் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். உனக்கு இது நான் சொல்லியா தெரிய வேண்டும்?

நம்மைப் பற்றியும் ஒன்று. 1920-இல் பெண்களுக்கு ஓட்டு வந்ததே, அதில் நீயும் நானும் சேர்த்தி இல்லை. இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்று குடியுரிமை கேட்டுப் போன பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில் 1923-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 1946-இல்தான் கதவு திறந்தது. பத்து வருஷத்தில் தலீப் சிங் சௌந்த் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்கே (இந்த ஊர் பார்லிமெண்ட்) ஜெயித்துப் போனார், அது வேறு விஷயம். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான செவ்விந்தியருக்கு அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஓட்டு வந்தது 1948-இல்!

என் பூத் எப்படி என்று கேட்டாயே. காலை 6 முதல் ராத்திரி 8 வரை. செவ்வாய்க்கிழமை, ஆகவே முதல் கூட்டம் ஆபீஸ் போகிறவர்கள். விரலில் மை கிடையாது. பெரும்பாலும் அடையாள அட்டையும் கேட்பதில்லை. ஒரு டேப்லெட்டில் கையெழுத்துப் போடுவார்கள், பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. கை நடுங்கும் கிழவர் ஒருவர் போட்டது பழையதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் எதிர்க்கட்சிக்காரி, என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், சரி என்று விட்டோம். பட்டியலில் பெயர் இல்லாதவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. தனிச் சீட்டுக் கொடுத்து உறையில் போட்டு ஒட்டி வைக்க வேண்டும், கவுண்டி ஆபீஸ் பிறகு சரிபார்க்கும். இந்த ஒரு விதி அன்று மிசிசிப்பியில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் முடியவில்லை, சரோஜா. முன்பு ஓட்டைத் தடுத்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிடி, அதை 2013-இல் சுப்ரீம் கோர்ட் கழற்றிவிட்டது. புளோரிடாவில் தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுத் திருப்பித் தரலாம் என்று 2018-இல் மக்களே பெருவாரியாகச் சொன்னார்கள். அடுத்த வருஷமே சட்டசபை, அபராதம், கோர்ட் கட்டணம் எல்லாவற்றையும் கட்டிவிட்டு வா என்றது. இரண்டு டாலர் தலைவரிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, என் பிள்ளை சட்டப்படி வேறு என்று சண்டை பிடிக்கிறான். மெய்ன், வெர்மாண்ட் இரண்டு மாநிலத்திலும் ஜெயிலுக்குள் இருந்துகொண்டே ஓட்டுப் போடலாம்.

நம் பக்கம் விசாரணைக் கைதிக்குக்கூட ஓட்டு இல்லை என்று நீ ஒரு தடவை கோபமாகச் சொன்னாய். பாளையங்கோட்டை ஜெயிலில் இருப்பவர்கள் தீர்ப்பு வராமலே எத்தனை தேர்தலைத் தாண்டியிருப்பார்கள்? உனக்கு டூட்டி கிளாஸ் எடுத்தவர்கள் அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுது. பிள்ளையோடு சண்டைக்கு எனக்கு வேண்டும்.

அன்புடன்,
வள்ளி